கண்ணாடியும் நமத்து போகும்: போரஸ் கிளாஸ்ல வேவ்கைடு வரைஞ்ச கதை

ஜனவரில நான் வரைஞ்ச வேவ்கைடு (கண்ணாடிக்குள்ள ஒளி போற பாதை) ஒன்னு அந்த வருஷம் ஜூலைல செத்து போச்சு. யாரும் அத தொடல, கீழ போடல, டப்பால வச்சது வச்சபடி தான் இருந்துச்சு. ஜனவரில அதோட ஒரு முனைல சிவப்பு லேசர விட்டா அந்தப் பக்கம் ஸ்கிரீன்ல அழகா ஒரே ஒரு உருண்ட புள்ளி வரும், ஜூலைல அதே சாம்பிள்ல ஒளிய கொண்டு போற அதே ஃபைபர்ல அதே சிவப்பு லேசர விட்டா மழைநாள்ல கண்ணாடி ஜன்னல் வழியா தெரு லைட்ட பாக்குற மாதிரி மங்கலா ஒரு திட்டு. மே மாசமே ஆரம்பிச்ச இந்த கோளாறுக்கு காரணம் என்னனு கண்டுபிடிக்க எனக்கு நாலு மாசம் ஆச்சு, அந்த நாலு மாசமும் நான் தப்பான ஆள திட்டிட்டு இருந்தேன், அதாவது கோடு வரையற லேசர.

முதல்ல என்ன வேலைன்னு சொல்லிடறேன். நான் இருந்தது ரஷ்யால, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல. ஃபெம்டோசெகண்ட் லேசர வச்சு கண்ணாடிக்குள்ள ஒளி போற பாதை போடறது என் வேலை. கண்ணாடிக்கு மேல இல்ல, உள்ள. ஃபெம்டோசெகண்ட்னா ஒரு செகண்ட பத்து கோடி கோடி பங்கா பிரிச்சா அதுல ஒரு பங்கு. லேசரோட ஒரு பல்ஸ், அதாவது ஒரு துடிப்பு, 200 ஃபெம்டோசெகண்ட் தான், அந்த நேரத்துல ஒளி போற தூரமே 60 மைக்ரான், ஒரு தலமுடி தடிமன் அளவுக்கு தான். அவ்ளோ குறுகின நேரத்துல சக்திய ஒரு புள்ளில குவிச்சா, வழக்கமா ஒளிய அப்படியே விட்டுடற கண்ணாடி கூட அந்த ஒரு புள்ளில மட்டும் ஒளிய முழுங்கிடும், அங்க அமைப்பு மாறும், ஒளிவிலகல் எண் (இண்டெக்ஸ், ஒளிய எவ்ளோ மெதுவாக்கும்ங்கற அளவு) மாறும். சாம்பிள மெதுவா நகத்திட்டே போனா கோடு, அந்த கோடு தான் வேவ்கைடு. 1996ல ஜப்பான் கியோட்டோல டேவிஸ், மியூரா, சுகிமோட்டோ, ஹிராவோன்னு நாலு பேர் இத முதல்ல செஞ்சு காட்டினாங்க. அதுக்கப்புறம் உலகம் பூரா இத பண்றாங்க, சாதாரண சிலிக்கா கண்ணாடில பண்றது இப்ப கிட்டத்தட்ட சமையல் குறிப்பு மாதிரி ஆகிடுச்சு.

எங்க கண்ணாடி அது இல்ல. எங்களுது போரஸ் கிளாஸ், உள்ள பூரா 4 நானோமீட்டர் சைஸ்ல துளை. சோடியம் போரோசிலிகேட் கண்ணாடிய ஐநூத்தி சொச்சம் டிகிரில மணிக்கணக்கா வச்சா உள்ளயே ரெண்டா பிரியும், சிலிக்கா நிறைய இருக்கற பகுதி ஒன்னு, போரான் சோடியம் நிறைய இருக்கற பகுதி ஒன்னு, ரெண்டும் பின்னிக்கிட்டு. அப்புறம் ஆசிட்ல போட்டா போரான் பகுதி கரைஞ்சு போயிடும், மிச்சம் நிக்கறது சிலிக்கா எலும்புக்கூடு. அமெரிக்கால கார்னிங் கம்பெனில ஹுட், நார்ட்பெர்க்னு ரெண்டு பேர் இதுக்கு 1938ல பேட்டன்ட் வாங்கினாங்க, வைகார்ங்கற பேர்ல வந்த கண்ணாடி அதுதான். பீட்டர்ஸ்பர்க்லயும் இதுக்கு பழைய பாரம்பரியம் உண்டு, கிரெபென்ஷிகோவ் பேர்ல இருக்கற சிலிகேட் வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அந்த ஊர்ல தான் இருக்கு. அந்த ஊர்ல இந்த கண்ணாடி மேல ஃபெம்டோசெகண்ட் லேசர திருப்பினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன்.

எதுக்கு ஓட்டை கண்ணாடில போய் ஒளிப்பாதை போடணும்னு வீட்ல கேட்டாங்க, நியாயமான கேள்வி. வேவ்கைடுக்கு பக்கத்துலயே துளை இருந்தா, வெளிய இருக்கற வாயுவோ திரவமோ அந்த துளை வழியா உள்ள வந்து ஒளியோட குணத்த மாத்தும், அத அளந்தா சென்சார். அதுதான் ஐடியா. துளை உள்ள கண்ணாடில லேசர் விழுந்த இடம் கொஞ்சம் நெருங்கும், துளை குறையும், இண்டெக்ஸ் ஏறும், ஒளி அங்க மாட்டிக்கும். சக்தி அதிகமா போச்சுன்னா நெருங்காம நடுவுல வெடிச்சு குழி விழுந்து சுத்தி மட்டும் ஒரு ஓடு மாதிரி இறுகும். அந்த எல்லை ரொம்ப மெல்லிசு, எங்க செட்டப்ல 515 நானோமீட்டர் அலைநீளம், செகண்டுக்கு அஞ்சு லட்சம் பல்ஸ், பல்ஸுக்கு 1 மைக்ரோஜூல் பக்கத்துல விளையாடிட்டு இருப்போம், ஒரு பத்து சதவீதம் கூட போனா கதை மாறிடும்.

முதல் நாள் லேப்ல ஒரு வயசான டெக்னீஷியன் அம்மா எனக்கு ஒரு சில்லு கண்ணாடிய கையில குடுத்து, "நாக்குல வச்சு பாரு"ன்னாங்க. நான் முழிச்சேன். அவங்களே ஒரு சில்ல எடுத்து உதட்டுல வச்சு காட்டினாங்க, பச்சக்னு ஒட்டிக்கிச்சு. புது மண்பானை சில்ல சின்ன வயசுல நாக்குல வச்சிருந்தா தெரியும், அதே மாதிரி இழுக்கும். (நீங்க வைக்காதீங்க, ஆசிட்ல ஊறின சாமான் அது.) "இதுக்கு எப்பவும் தாகம், மறந்துடாத"ன்னாங்க. நான் தலையாட்டிட்டு மறந்துட்டேன். என் கண்ணு பூரா லேசர் மேல தான், புதுசா வர்ற எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் போல, கோடிக்கணக்குல காசு போட்டு வாங்கின மெஷின் ஒரு பக்கம், பத்து மில்லிமீட்டர் கண்ணாடி சில்லு ஒரு பக்கம்னா எதுக்கு மரியாதை குடுப்போம்.

குளிர்காலத்துல எல்லாம் நல்லா தான் போச்சு. ஜன்னலுக்கு வெளிய நேவா ஆறு உறைஞ்சு கெடக்கும், உள்ள ஹீட்டர் பைப் தகதகன்னு இருக்கும், சாம்பிள்ல லேசர் குவியற இடத்துல வெல்டிங் பொறி மாதிரி ஒரு வெள்ளப் புள்ளி தெரியும், அது ஆடாம அசையாம இருந்தா கோடு நல்லா விழுதுன்னு அர்த்தம். முதல் சில கோடு வழக்கம் போல குறுக்குவெட்டுல உருண்டையா வராம சொட்டு மாதிரி நீளமா வந்துச்சு, லென்ஸுக்கு முன்னாடி எழுதற திசைக்கு இணையா ஒரு சன்னமான ஸ்லிட் (கீறல் மாதிரி திறப்பு) வச்சதும் சரியாச்சு. அது தெரிஞ்ச வைத்தியம், ஒன்னும் பெருசு இல்ல.

முனை விஷயம் மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இத யாரும் எனக்கு சொல்லல. 150 மைக்ரான் ஆழத்துல எழுதுறீங்கன்னா, லென்ஸ்ல இருந்து வர்ற கூம்பு சாம்பிள் விளிம்பு கிட்ட வரும்போது பாதி கண்ணாடிக்குள்ளயும் பாதி காத்துலயும் இருக்கும், ஃபோகஸ் கெட்டுடும். 0.4 அபெர்ச்சர் (கூம்பு எவ்ளோ அகலம்ங்கற அளவு) லென்ஸ்ல விளிம்புல இருந்து ஏறக்குறைய 50 மைக்ரானுக்கு கோடு இருக்கவே இருக்காது. அதனால எழுதி முடிச்சு ரெண்டு முனையும் 100, 150 மைக்ரான் தேச்சு எடுக்கணும். தேய்க்கறதுக்கு சீரியம் ஆக்சைட் பவுடரும் தண்ணியும். பவுடர் பெருசு, 4 நானோமீட்டர் துளைக்குள்ள போகாது, ஆனா தண்ணி போகும். குளிர்காலத்துல தேச்சு முடிச்சு ரெண்டு நாள் மேசைல வச்சா தானா காஞ்சிடும், அதனால நான் அத ஒரு விஷயமாவே எடுத்துக்கல.

ஆனா அந்த காயறத ஒரு தடவ முழுசா உக்காந்து பாத்தேன், மறக்க முடியாது. ஈரமா இருக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், காய ஆரம்பிச்சதும் விளிம்புல இருந்து பால் ஊத்தின மாதிரி வெள்ளையா மாறும், ஒரு கட்டத்துல சாம்பிள் பூரா சாக்பீஸ் மாதிரி ஆகிடும், அப்புறம் அதே விளிம்புல இருந்து திரும்ப தெளியும். சில துளைல தண்ணி, சில துளைல காத்துன்னு திட்டுத்திட்டா இருக்கறப்ப ஒளி சிதறுது, அதான் வெள்ளை. முதல் தடவ பாக்கறவங்க சாம்பிள் போச்சுன்னு தூக்கி போட்டுடுவாங்க, போடாதீங்க, காத்திருங்க. அவசரப்பட்டு ஹாட் பிளேட்ல வச்சா தான் உண்மையிலயே போகும், டிக்னு ஒரு சத்தம், ரெண்டு துண்டு. காஞ்சத அப்படியே தண்ணில போட்டாலும் இதே கதி, ஒரு ஓரத்த மட்டும் தண்ணில தொட வச்சு அதுவா ஏற விடணும்.

மார்ச்ல ஒரு அசட்டு வேலை பண்ணேன். ஃபைபர் முனைக்கும் சாம்பிள் முனைக்கும் நடுவுல இருக்கற காத்து இடைவெளில ஒளி கொஞ்சம் திரும்பி போகும், அத தடுக்க இண்டெக்ஸ் மேட்ச் பண்ற திரவம் ஒரு சொட்டு விடறது வழக்கம். அன்னிக்கு கைல அது இல்ல, மைக்ரோஸ்கோப் இம்மெர்ஷன் ஆயில் இருந்துச்சு, 1.518 இண்டெக்ஸ். ஒரு சொட்டு விட்டேன். பவர் மீட்டர் ஏறிச்சு. சந்தோஷமா ஹாஸ்டலுக்கு போயிட்டேன். காலைல வந்து பாத்தா சொட்ட காணோம், மீட்டர்ல ஒன்னும் இல்ல, ஸ்கிரீன்ல புள்ளியும் இல்ல. காஞ்ச வயல்ல ஊத்தின தண்ணி மாதிரி ஆயில் முழுக்க கண்ணாடிக்குள்ள போயிருக்கு.

அதோட விட்டேனா, இல்ல. ஆயில எரிச்சு எடுத்துடலாம்னு நேரா ஃபர்னஸ்ல வச்சேன். வெளிய எடுத்தப்ப சாம்பிள் கருப்பட்டி கலர்ல இருந்துச்சு. துளைக்குள்ளயே ஆயில் கருகி கரியா ஒட்டிக்கிச்சு, அதுக்கப்புறம் அத எதால கழுவினாலும் போகல. டெக்னீஷியன் அம்மா அத வெளிச்சத்துல தூக்கி பாத்துட்டு ஒன்னுமே சொல்லாம என் மேசைலயே திரும்ப வச்சுட்டு போனாங்க. திட்டிருந்தா கூட தேவலாம்.

மே மாசம் பொறந்ததும் பிரச்சனை ஆரம்பிச்சது. புதுசா எழுதற கோடு நேரா வராம முத்து கோத்த மாதிரி குமிழ் குமிழா வந்துச்சு. வெள்ளப் புள்ளி நிலையா இருக்காம படபடன்னு துடிச்சுது. நான் என்ன பண்ணேன்னா பல்ஸ் எனர்ஜிய குறைச்சேன், ஸ்பீட மாத்தினேன், செகண்டுக்கு எத்தன பல்ஸ்ங்கறத மாத்தினேன், லேசர் பல்ஸ் நீளத்த அளந்தேன், பல்ஸ சுருக்கற கம்ப்ரெஸர சரி பண்ணேன், லென்ஸ கழட்டி துடைச்சேன், சாம்பிள நகத்தற ஸ்டேஜ்ல அதிர்வு இருக்கோன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு டிராம் ஓடாத நேரத்துல வந்து எழுதினேன் (வெள்ளை இரவு காலம் அது, ராத்திரி ரெண்டு மணிக்கே விடிஞ்ச மாதிரி இருக்கும், அதனால தூக்கமும் போச்சு). ஒரு நோட்டு பூரா அட்டவணை. சில நாள் நல்லா வரும், மறுநாள் அதே செட்டிங்ல வராது. ஒரே செட்டிங்குக்கு ரெண்டு விதமா ரிசல்ட் வந்தா செட்டிங்ல இல்லாத ஏதோ ஒன்னு மாறுதுன்னு அர்த்தம், இது பத்தாவது படிக்கற பையனுக்கு கூட தெரியும், எனக்கு அப்ப தெரியல. ஜூலைல ஜனவரி சாம்பிள எடுத்து பாத்தப்ப தான் அதுவும் மங்கி போனது தெரிஞ்சுது, அதுக்கும் லேசருக்கும் சம்பந்தமே இல்லையே, அப்பவாவது உறைச்சிருக்கணும். ஃபைபர் அலைன்மென்ட் சரியில்லன்னு முடிவு பண்ணி அதுல ஒரு மூனு வாரம்.

விஷயம் பிடிபட்டது தராசுல. பாலிஷ்ல எவ்ளோ தேஞ்சு போச்சுன்னு எடை போட்டு பாக்கலாம்னு, அடுப்புல மெதுவா காய வச்சு ஆற வச்ச சாம்பிள எலக்ட்ரானிக் தராசுல வச்சேன். 238.1 மில்லிகிராம். பேனா எடுத்து எழுதறதுக்குள்ள 238.4. சரி தராசு இன்னும் நிலைக்கு வரலன்னு காத்திருந்தேன். 238.9. 239.6. யாரோ ஊதற மாதிரி கடைசி இலக்கம் ஏறிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது. தராசு கெட்டுப்போச்சுன்னு ஒரு சாதாரண ஸ்லைட் கண்ணாடிய வச்சு பாத்தேன், அது கல்லு மாதிரி ஒரே எண்ல நின்னுச்சு. திரும்ப நம்ம சாம்பிள், திரும்ப ஏறுது. வெளிய ரெண்டு நாளா மழை, ஜன்னல் திறந்து கெடக்கு. அப்ப தான் நாக்குல ஒட்டின சில்லு ஞாபகம் வந்துச்சு, என் கண்ணு முன்னாடியே அது காத்துல இருந்து தண்ணி குடிச்சிட்டு இருக்கு. முறுக்கு டப்பாவ திறந்து வச்ச மாதிரி. கண்ணாடி நமத்து போச்சு.

அன்னிக்கு சாயங்காலம் கேன்டீன் டிஷ்யூ பேப்பர்ல போட்ட கணக்கு இது, துல்லியம் இல்ல ஆனா கதைய சொல்லிடும். சிலிக்கா எலும்புக்கூட்டோட இண்டெக்ஸ் 1.46, துளை 28 சதவீதம். துளைல காத்து மட்டும் இருந்தா சராசரியா 1.331. லேசர் விழுந்த கோட்டுல துளை 28ல இருந்து 27 சதவீதமா குறைஞ்சுதுன்னு வச்சுக்குவோம், அங்க 1.336. வித்தியாசம் 0.0046, அஞ்சு மைக்ரான் கோட்டுக்குள்ள சிவப்பு ஒளிய பிடிச்சு வைக்க இது தாராளம். இப்ப ரெண்டு பக்கமும் துளைல தண்ணி ஏறிடுச்சுன்னா, காத்தோட 1க்கு பதிலா தண்ணியோட 1.33, வித்தியாசம் 0.0013 ஆகிடும். மூனுல ஒரு பங்கு கூட இல்ல. ஒளி கோட்ட விட்டு வெளிய பரவும், லேசா ஒரு குறை இருந்தாலும் கசிஞ்சிடும், அதுக்கு மேல பாதி நிரம்பின துளைல சிதறல் வேற. ஜூலை மாசத்து மங்கல் திட்டு அதுதான். அடுத்து மார்ச் மாசத்து ஆயில போட்டு பாத்தேன், 1.518. ஆயில் சிலிக்காவ விட இண்டெக்ஸ் அதிகம், அதனால துளை அதிகமா இருக்கற இடத்துல தான் இண்டெக்ஸ் அதிகம், அதாவது வேவ்கைட விட சுத்தி இருக்கற கண்ணாடிக்கு அதிகம். ஒளிய பிடிக்க வேண்டிய கோடு ஒளிய வெளிய தள்ளுது. மார்ச்ல புள்ளி மங்காம ஒரேயடியா மறைஞ்சது ஏன்னு அப்ப தான் புரிஞ்சுது, வேவ்கைடு கெடல, தலைகீழா மாறிடுச்சு.

காத்துல ஈரம் எவ்ளோ இருந்தா துளை நிரம்பும்னும் பாக்கலாம், கெல்வின் சமன்பாடு இருக்கு. 4 நானோமீட்டர் துளைக்கு ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல போனா நீராவி துளைக்குள்ள தண்ணியா மாறி நிரம்பிடும். காலியாகறதுக்கு ஆனா 75க்கு கீழ வந்தா பத்தாது, 60க்கு கீழ இறங்கணும். நிரம்பறது ஒரு இடத்துல, காலியாகறது வேற இடத்துல. நடுவுல இருக்கற நாள்ல கண்ணாடி எப்படி இருக்கும்ங்கறது இன்னிக்கு காத்த பொறுத்தது இல்ல, போன வாரம் மழை பெஞ்சுதாங்கறத பொறுத்தது. என் நோட்டுல ஒரே செட்டிங்குக்கு ரெண்டு ரிசல்ட் வந்த மர்மம் இதுதான். குளிர்காலத்துல ஹீட்டர் போட்ட ரூம்ல ஈரப்பதம் 20 பக்கத்துல, எந்த பிரச்சனையும் இல்ல. குமிழ் குமிழா கோடு வந்ததும் தண்ணியால தான், ஃபோகஸ்ல தண்ணி கொதிச்சு வெடிக்குது. இதையே வேணும்னு பண்றவங்களும் இருக்காங்க, ஷாங்காய்ல ஒரு குழு போரஸ் கிளாஸ தண்ணிக்குள்ள முக்கி வச்சு லேசர்ல உள்ள கால்வாய் தோண்டி, அப்புறம் 1150 டிகிரில சூடாக்கி துளைய எல்லாம் மூடி, வெறும் கால்வாய் மட்டும் இருக்கற கண்ணாடி பண்ணாங்க. எனக்கு வேணாம்னு வந்தது அவங்களுக்கு வேணும்னு வந்திருக்கு. நாங்க அந்த மாதிரி சூடாக்கி தப்பிக்கவும் முடியாது, துளை எல்லாம் மூடினா கோடும் சுத்தி இருக்கறதும் ஒரே சிலிக்காவா ஆகிடும், சென்சாரும் போச்சு.

அதுக்கப்புறம் என் பழக்கம் மாறிச்சு. எழுதறதுக்கு முன்னாடி சாம்பிள நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் 120 வரைக்கும் ஏத்தி, சில மணி நேரம் வச்சு, அதே மாதிரி மெதுவா இறக்கி, எடை போடுவேன். எடை அந்த சாம்பிளோட காஞ்ச எடைக்கு வந்தா தான் ஸ்டேஜுக்கு போகும். ஸ்டேஜ சுத்தி அக்ரிலிக் பெட்டி, உள்ள காஞ்ச நைட்ரஜன், பக்கத்துல ஒரு மலிவான ஈரப்பத மீட்டர். லேப்ல இருக்கற விலை கம்மியான கருவி அதுதான், நான் தினம் முதல்ல பாக்கறதும் அதுதான்.

தண்ணி மட்டும் இல்ல, இந்த கண்ணாடி எதையும் விடாது. டபுள் சைட் டேப் போட்டு ஒட்டி வச்சிருந்த ஒரு சாம்பிள் ரெண்டு வாரத்துல மஞ்சளாச்சு, டேப்ல இருந்து வந்த ஆவி. அப்புறம் பத்திரமா இருக்கட்டும்னு டெசிக்கேட்டர்ல (ஈரம் போகாத மூடி போட்ட ஜாடி) வச்சேன், அதுவும் மஞ்சள், மூடில தடவின கிரீஸாம். இப்ப விளிம்ப மட்டும் பிடிக்கற உலோக கிளாம்ப் தான், சும்மா கிடக்கற சாம்பிள் எல்லாம் காய்ச்சி வடிச்ச தண்ணில, கண்ணாடி பாட்டில்ல, ஏற்கனவே தண்ணியால நிரம்பினதுக்குள்ள வேற எதுவும் சுலபமா போகாது. மஞ்சளானத ஹைட்ரஜன் பெராக்சைடுல சூடு பண்ணி வெளுக்க வைக்கலாம், அது பழைய வைத்தியம், நல்லா வேலை செய்யும். ஆனா ஒன்ன கவனமா கேளுங்க, அசிட்டோன்ல கழுவின போரஸ் கிளாஸ பெராக்சைடு பக்கம் கொண்டு போகவே கூடாது. சாதாரண கண்ணாடினா அசிட்டோன் பறந்துடும், இது துளைக்குள்ள பத்திரமா வச்சிருக்கும், அதுவும் பெராக்சைடும் சேந்தா வெடிக்கற பொருள் உண்டாகலாம். எங்க லேப்ல இந்த கண்ணாடி இருக்கற மேசைல அசிட்டோன் பாட்டிலே வைக்கறது இல்ல.

என் ஆராய்ச்சி கைட் (வழிகாட்டி) கிட்ட இதெல்லாம் சொன்னப்ப அவர் கேட்ட முதல் கேள்வி, "ஈரத்த பொறுத்து பவர் எப்படி மாறுதுன்னு கிராஃப் போட்டியா?" நாலு மாசமா நான் பிரச்சனைன்னு நினைச்சு விரட்டிட்டு இருந்தது தான் நாங்க செய்ய வந்த சென்சார். கிராஃப் போட்டேன். ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேற பாதை, நடுவுல வெள்ளையாகற கட்டத்துல பவர் சுத்தமா விழுந்து திரும்ப எழுந்திருக்கும்.

அந்த ஜனவரி சாம்பிள தூக்கி போடல. ஃபைபர ஒட்டி, பெட்டி இல்லாம, ஜன்னலோரம் இருக்கற மேசைல பவர் மீட்டரோட விட்டு வச்சேன். செப்டம்பர் பூரா மீட்டர் கீழயே கெடந்துச்சு. அக்டோபர்ல ஒரு திங்கக்கிழமை வந்து பாத்தா எண் குதிச்சிட்டு இருக்கு, மதியத்துக்குள்ள கீழ இறங்கி கிட்டத்தட்ட ஜீரோ, சாம்பிள் சாக்பீஸ் மாதிரி. நான் தொடல. புதன்கிழமை தெளிஞ்சுது, ஸ்கிரீன்ல பழைய உருண்ட புள்ளி. பைப்ப தொட்டு பாத்தேன், வெதுவெதுன்னு இருந்துச்சு, கட்டிடத்துக்கு ஹீட்டிங் விட்டிருக்காங்க. அதுல இருந்து ஒவ்வொரு வருஷமும் பக்கத்து ரூம்காரங்க கோட்ட மாட்டிக்கிட்டு வந்து எங்க மீட்டர எட்டி பாத்துட்டு போவாங்க, ஹீட்டிங் வந்துடுச்சான்னு.